அம்மாவின் இரண்டு நிமிடம்

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. இங்கே நடப்பதை உனக்குச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் இந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் செய்தி: அம்மா ஆங்கிலத் தேர்வில் மறுபடியும் தவறிவிட்டாள். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் வேண்டிய ஏழு வந்துவிட்டது. பேசுவதில் மட்டும் ஆறரை. அக்டோபரிலும் அதே ஆறரைதான். அரை மதிப்பெண் அம்மாவோடு விளையாடுகிறது. முடிவைப் போனில் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்ததும் அதே பாத்திரங்களை மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஜூலை கடைசி வரைதான் அம்மாவுக்காக இடத்தை வைத்திருக்குமாம். இங்கே அம்மா வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவை வருடக் கடைசியில் மூடப்போகிறார்கள். அதற்குப் பிறகு வேறு பிரிவு கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அப்பா இருந்திருந்தால் வேறு மாதிரி. இப்போது எல்லாம் ஜூலை ஆறாம் தேதி நடக்கும் மூன்றாவது தேர்வில் இருக்கிறது.

அந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். கண்ணாடி போட்டிருப்பதால் எனக்குத் தேர்வாளரின் முகக்களை இருக்கிறதாம். சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா, நடுவில் அவள் யூனிஃபார்மில் குத்திக்கொள்ளும் கடிகாரம். நான் தலைப்பு எழுதிய அட்டையைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அம்மா இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஐம்பது விநாடியில் நின்றுவிடுகிறாள். பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, என் வாயையே பார்க்கிறாள். அது சிரிப்பில் கோணுகிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

நீ நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவள். ஏதாவது வழி சொல்லு. வீட்டு முகவரிக்கு எழுதாதே, அம்மா பார்த்துவிடுவாள். எங்கள் பள்ளி நூலகத்துக்கு எழுது. நூலக டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

உன் புழு


ஜூன் 7

புத்தகப்புழுவே,

கடிதம் வந்தது. ஆறு பக்கத்துல எழுத வேண்டியதை ரெண்டு பக்கத்துல நுணுக்கி எழுதியிருக்கே. ஹாஸ்டல் வார்டன் ‘யாரும்மா இந்தக் காலத்துல கடிதம் எழுதறது’ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. காதலன்னு நினைச்சிருப்பாங்க. தங்கச்சின்னு சொன்னேன், நம்பலை.

வழி சொல்லச் சொல்றே. அம்மா கேட்டாங்களா? கேட்கலை இல்லே? அப்ப நான் ஏன் வாயைத் திறக்கணும்? திறந்து பட்டதே போதும்.

அன்னிக்கு நீ ஸ்கூல்ல இருந்தே, உனக்கு முழுசாத் தெரியாது. அதனால சொல்றேன். தப்பு எங்கேன்னு காட்டறதுக்காக அம்மா பேசினதை என் போன்ல பதிவு பண்ணினேன். தலைப்பு, தினமும் பயன்படுத்தற ஒரு இயந்திரம். அம்மா அவங்க டயாலிசிஸ் மெஷினைப் பத்திப் பேசினாங்க. ‘என் மெஷின் அழும், நான் ஓடுவேன்’னு நடுவுல ஒரு வரி. அதை ஆபீஸ்ல என் தோழிக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை, எங்க ரெண்டு பேருக்கும் வார லீவு, அவ நம்ம வீட்டுக்கு வந்தா. அம்மா டீ கொண்டுவந்து வச்சாங்க. ‘ஆன்ட்டி, உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியுமே’ன்னு அந்த வரியை அம்மா மாதிரியே சொல்லிக் காட்டினா, லூசு.

அவ போனப்புறம் அம்மா, ‘என் வாயைச் சந்தையில கடை விரிச்சிட்டியே’ன்னாங்க. நான் மன்னிப்புக் கேட்டிருக்கணும். ‘உன் இங்கிலீஷைக் கேட்டு நான் ஒருத்தி மட்டும்தான் சிரிக்கணுமா’ன்னு கேட்டுட்டேன், பெட்டியைக் கட்டிட்டேன். கொட்டின பாலை அள்ள முடியாது.

சரி, ஒரே ஒரு யோசனை, அதுவும் உனக்காக. நிமிஷத்தை எண்ணாதே. கடிகாரத்தைக் கவுத்து வை.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா அதை நிமிர்த்திவிட்டாள். நர்ஸ் கடிகாரம் கவிழ்ந்திருக்கக் கூடாதாம்.

ஆனால் நான் அதைவிட நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன். முப்பது தலைப்புக்கு முப்பது பதில்களை நானே எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும் சரியாக இரண்டு நிமிடம். அம்மா அவற்றை மனப்பாடம் செய்கிறாள். ‘சொந்தமாப் பேசினாத்தானே சிரிப்பாங்க, இதுன்னா நீ எழுதினது’ என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் சந்தோஷமாக எதையும் சொல்லி ரொம்ப நாள் ஆயிற்று என்பதால் இதைக் குறித்துவைக்கிறேன்.

‘நீங்கள் ரசித்த ஒரு அழகான இடம்’ என்ற தலைப்புக்குக் கலங்கரை விளக்கம் ஒன்றை எழுதினேன். அலை, உப்புக் காற்று, மேலே ஏற நூற்று எண்பது படி. அம்மா கடலையே பார்த்ததில்லை. ‘படி ஏறி எனக்கு மூட்டு வலிக்குதுடி, லிஃப்ட் வச்சு எழுதக் கூடாதா’ என்றாள்.

பள்ளி விட்டதும் அம்மாவின் வார்டுக்குப் போகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆறு படுக்கை, ஆறு மெஷின், சுத்தம் செய்யும் மருந்து வாசனை. ஜன்னலோரப் படுக்கைக்காரர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறார். ஒரு கையில் ஊசி இருப்பதால் இன்னொரு கையில் என் தாளைப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்வதைச் சரிபார்க்கிறார்.

“ரைட், ரைட்... சிஸ்டர், நிறுத்துங்க. ஒரு ஸ்டாப்பிங்கை விட்டுட்டீங்க.”

“எதைண்ணே?”

“உப்புக் காத்து இறங்கலையே, அது இன்னும் வண்டியிலேயே இருக்கு.”

வார்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். தன்னைப் பார்த்து இல்லை, என் தாளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதால் என்று நினைக்கிறேன்.

உன் புழு


ஜூன் 19

அடியே,

என்ன காரியம் பண்ணிட்டிருக்கே? உடனே நிறுத்து.

மனப்பாடத்தைத் தேர்வாளர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. கண்ணு மேல போயிடும், குரல் ஒரே நேர்கோட்டுல ஓடும். உடனே நடுவுல குறுக்குக் கேள்வி போடுவாங்க. ‘அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு யாரோட போனீங்க?’ அம்மா என்ன சொல்வாங்க? நூத்தி எண்பது படியும் ஒரே சமயத்துல சரிஞ்சு விழும். ஆறரை கூட வராது.

எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. நான் ‘நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவள்’னு எழுதியிருந்தே. தினம் எட்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டர் திரையில எவனோ எழுதி வச்சதைப் படிக்கிறேன். ‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.’ எந்தச் சிரமமும் எனக்குப் புரியலை. அந்தப் பக்கம் இருக்கறவங்க ரெண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடிச்சு, ‘ஏம்மா, படிக்காம பேசு’ன்னு கத்தறாங்க. நேத்திக்கு ஒருத்தர், தன் மனைவி பேர்ல இருக்கற இணைப்பை நிறுத்தணும்னாரு. ஏன்னு கேட்டேன். இறந்துட்டாங்கன்னாரு. திரையில அடுத்த வரி என்னவோ அதைப் படிச்சேன். ‘எங்கள் சேவையில் எது திருப்தியாக இல்லை?’

இன்னொண்ணு. உன்கிட்ட நூலகத்து வழிகாட்டிப் புத்தகம் இருக்குன்னு தெரியும். மே மாசமே எடுத்தேன்னு பிறந்தநாள் அட்டையில எழுதியிருந்தே. அந்த மாதிரிப் புத்தகம் எல்லாத்துலயும் முதல் நாலைஞ்சு பக்கத்துலயே இருக்கும், மனப்பாடம் கூடாதுன்னு. விலைப்பட்டியலைக் கூட விடாமப் படிக்கிறவ நீ. அதை மட்டும் எப்படிப் படிக்காம விட்டே?

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். எட்டு மாதமாக வீட்டில் இல்லாதவள் தூரத்திலிருந்து திட்டுவது சுலபம் என்று ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். எழுதினேன் என்பது உண்மை, அதனால் சொல்கிறேன்.

பிறகு நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். அம்மா கலங்கரை விளக்கத்தில் பாதி ஏறியபோது, “யாரோட போனீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அம்மா நின்றாள். “அது தாள்ல இல்லையே” என்று தமிழில் சொன்னாள். “சும்மா ஏதாவது சொல்லும்மா” என்றேன். மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் கேட்டேன். எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் முதல் கடிதத்தின் முதல் வரியில் என்ன எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படித்தேன் அக்கா. புத்தகம் கைக்கு வந்த அன்றே படித்தேன். நாலாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: மனப்பாடம் செய்த பதில்களுக்கு மதிப்பெண் குறையும். அம்மா முடிவைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவிய அன்று நாலாம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். ஓரத்தில் மட்டும் மெல்லியதாக, பழைய புத்தகம் தானாக ஒட்டிக்கொண்டது போல. அம்மா நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, ‘யாரோ எதையோ சிந்தியிருக்காங்க’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுபவர்களைக் கூட நான் மதிப்பதில்லை. நான் பசை போட்டேன்.

அம்மா ஜெயித்தால் செப்டம்பரில் போய்விடுவாள். இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமாம். அதுவரை மாமா வீட்டில் இருக்க வேண்டும். மாமா நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் ‘என்ன படிக்கிறே’ என்று கேட்பதில்லை. முதலில் நீ போனாய். அம்மாவும் போனால் இந்தச் சமையலறை மேசையில் யார் எதிரே உட்கார்வார்கள்?

முப்பது பதில்களையும் அம்மா ஜெயிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவிடம் நீ சொல்லிவிடுவாயா?

புழு


ஜூன் 28

என் புழுவே,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில படிச்சேன். அதுக்கப்புறம் மூணு போன் அழைப்பைத் தவற விட்டேன். மேற்பார்வையாளர் வந்து மேசையைத் தட்டினாரு.

உன்னைத் திட்ட மாட்டேன். திட்டற தகுதி எனக்கு இல்லை. ஆனா நான் சொல்ல மாட்டேன். ஒட்டினவதான் பிரிக்கணும். அம்மாகிட்ட நீயே சொல்லு, இன்னிக்கே. தேர்வுக்கு எட்டு நாள்தான் இருக்கு. இது கைக்கு வரும்போது அதுலயும் ரெண்டு நாள் போயிருக்கும்.

முப்பது தாளையும் கிழிச்சுப் போடு. பதிலா அம்மாவுக்குத் தெரிஞ்சதைக் கேளு. ஊசி போட நரம்பு கிடைக்காத கையில எப்படி நரம்பைக் கண்டுபிடிப்பாங்க? முதல் தடவை வர்ற ஆளோட பயத்தை எப்படிப் போக்குவாங்க? அம்மா ரெண்டு நிமிஷம் இல்லை, ரெண்டு மணி நேரம் பேசுவாங்க. திக்கினா விடு. தப்பாச் சொன்னா திருத்தாதே. உன் வாயை மட்டும் நேரா வச்சுக்கோ.

அப்புறம் ஒண்ணு. அந்தப் பதிவை நான் அழிக்கலை. நேத்து மறுபடி கேட்டேன். முழுசா, முதல்லேருந்து கடைசி வரைக்கும். ஒரு தடவையும் நான் அதை முழுசாக் கேட்டதே இல்லை, சிரிப்பு வந்த இடத்துலயே நிறுத்திட்டேன். அதுக்கப்புறமும் அம்மா பேசியிருக்காங்க. ராத்திரி மெஷின் சத்தம் போட்டப்ப ஓடினது, குழாய் மடங்கியிருந்தது, அதை நிமிர்த்தினதும் படுக்கையில இருந்த ஆள் கண்ணைத் திறந்து ‘வந்துட்டீங்களா’ன்னு கேட்டது. ஒன்றரை நிமிஷம். அதுல ஒரு வார்த்தை கூட வேற யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. எட்டு மணி நேரம் பேசற எனக்கு அப்படி ஒரு நிமிஷம் கூட வராது.

இதை அம்மாகிட்ட சொல்லணும்னு எழுதலை. எழுதிட்டேன், அவ்வளவுதான். என்ன பண்ணணும்னு நீ பார்த்துக்கோ.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புத்தகத்தை மேசையில் வைத்து, நாலாம் பக்கத்தைக் காட்டி, “இது யாரும் சிந்தினது இல்லைம்மா” என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். பேண்டேஜ் பிரிப்பது மாதிரி ஒவ்வொரு ஓரமாக, அவசரமே இல்லாமல் பிரித்தாள். ஒரு மூலை மட்டும் கிழிந்துவிட்டது. கட்டத்தில் போட்டிருந்ததைப் படித்தாள். பிறகுதான் பேசினாள்.

“கேட்டிருக்கலாமேடி. போகாதேம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா போக மாட்டியா?”

“போவேன்.” கிழிந்த மூலையை விரலால் நீவிவிட்டு, “ஆனா நீ கேட்டிருக்கலாம்” என்றாள்.

இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூலக டீச்சரிடமும் சொன்னேன். இந்த மாதம் முழுக்க மதியத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும், எனக்குப் பசை கொடுக்க மாட்டாராம், நூலால் தைக்க வேண்டுமாம்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இது தப்பா என்று தெரியவில்லை. ‘இதை எப்படி உனக்கு எழுதறா?’ என்று கேட்டாள். எல்லாக் கடிதங்களையும் பற்றிச் சொன்னேன். அம்மா பதிவைப் பற்றிய பத்தியை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். மடித்து, கடிகாரம் குத்தும் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நேற்று வார்டில் முப்பது தாள்களையும் கண்டக்டர் முன்னாலேயே கிழித்தேன். “பாஸெல்லாம் செல்லாதா? இனி டிக்கெட்தானா?” என்றார். பிறகு அவரே தேர்வாளர் ஆனார். தமிழில் கேட்டார், அம்மா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

“சிஸ்டர், முதல் நாள் நான் ஊசியைப் பார்த்து எழுந்து ஓடப் பார்த்தேனே, அதைச் சொல்லுங்க.”

அம்மா சொன்னாள். நடுவில் நின்றாள். ‘அந்தச் சொல் என்ன...’ என்று தேடினாள். கிடைக்காமல் கையால் காட்டினாள், வேறு வழியாகச் சுற்றிப் போய்ச் சொல்லி முடித்தாள். நான் திருத்தவில்லை. என் நாக்கைக் கடித்துக்கொண்டதில் இன்னும் வலிக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து விநாடி.

உன் புழு


ஜூலை 6

அன்புள்ள அக்கா,

தேர்வு மையத்தின் நடைபாதையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமான பெஞ்சு, எதிரே ஏழு கதவுகள், எல்லாக் கதவிலும் ‘சத்தம் போடாதீர்கள்’ என்ற அட்டை. அம்மா ஐந்தாம் எண் அறைக்குள் இருக்கிறாள். அவள்தான் இன்றைக்குக் கடைசி ஆள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் உள்ளே போவதற்கு முன் உதட்டை அசைத்து எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நாலாம் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா உள்ளே போகும்போது, ‘நான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கோ’ என்று சொல்லவில்லை. ‘தண்ணி பாட்டிலைப் பத்திரமா வச்சுக்கோ’ என்றாள். உண்மையைச் சொல்கிறேன், நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை. தோற்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் எண் அறைக்குள் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு இல்லை.

(இங்கே கொஞ்ச நேரம் எழுதவில்லை.)

அம்மா வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பாதி பாட்டில் தண்ணீரைக் குடித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முதல்ல அந்தத் தேர்வாளர் பொண்ணு வீடு, வேலைன்னு கேட்டா. அட்டையில வந்தது, சின்ன வயசுல கத்துக்கிட்ட ஒரு விஷயம். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதைச் சொன்னேன், சுமாராப் போச்சு. கடைசியில பேச்சு இயந்திரங்கள் பக்கம் திரும்பிடுச்சு. மனுஷங்க வேலையை மெஷின் செய்ய முடியுமான்னு கேட்டா. எனக்கு உங்கக்கா கடிதம் ஞாபகம் வந்துடுச்சு. என் மெஷின் அழும், நான் ஓடுவேன்னு சொல்லிட்டேன். அதே வரி. அவ சிரிச்சுட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்தேன். மெஷினுக்கு அழத்தான் தெரியும், ஓடறதுக்கு ஆள் வேணும்னு சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேன். குழாய் மடங்கினது, அந்த ஆள் கண்ணைத் திறந்தது, எல்லாத்தையும். நேரம் முடிஞ்சதுன்னு கையைக் காட்டற வரைக்கும் நான் நிறுத்தலை.”

முடிவு வரப் பதிமூன்று நாள் ஆகும். எனக்குப் பதிமூன்று நாள் தேவைப்படவில்லை. அம்மா பேசும்போது என் வாயைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தாள். செப்டம்பரில் நான் மாமா வீட்டில் இருப்பேன்.

“போகாதேம்மா” என்றேன். சத்தம் போடக் கூடாத இடம் என்பதால் மெதுவாகத்தான் சொன்னேன்.

அம்மா என் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். “கேட்டுட்டியா, அப்பாடா” என்றாள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை. யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்காமலே என் மடியிலிருந்த இந்தத் தாளை எடுத்து, பேனாவையும் வாங்கிக்கொண்டாள். இதற்குக் கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்து:

*பெரியவளே, இன்னிக்கும் ஒருத்தி சிரிச்சா. நான் ஓடினதை முழுசாச் சொல்லிட்டேன். அந்தப் பதிவை அழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை வா, இவ தனியா*

அம்மா அந்த வரியை முடிக்கவில்லை. அதற்குள் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து, நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல், நடைபாதை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்.